மேசை மலையின் ஊற்றுகள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. நியூ டவுன் முழுக்க முழங்கால் தண்ணீர். கேப் வரவில்லை. நடந்தே ஆபீஸ். செருப்பு போச்சு.

வேலை: அமெரிக்கப் பாலைவனத்து மேசை மலைகள். உச்சி தட்டை, ஓரம் செங்குத்து. சாட்டிலைட் படத்தில் நீர்நிலைகளைக் குறிக்கவேண்டும். அங்கே சுரங்கம் வரப்போகிறது. ஊற்று இருந்தால் பக்கத்தில் தோண்டக் கூடாது. எங்கள் டீம் குளமும் குட்டையும் பார்த்து வளர்ந்தது. நீல நிறத்தைத் தேடிவிட்டு, தண்ணீர் இல்லை என்று எழுதிவிட்டார்கள்!

நான் ராமநாதபுரத்துக்காரி. பச்சையைத் தேடினேன். செங்குத்துப் பாறையின் அடியில் மெல்லிய பச்சைக்கோடு. மழையே இல்லாத ஜூன் படத்திலும் பச்சை. பாறை கசிகிறது. எல்லாவற்றையும் குறித்துவிட்டேன்.

வாங்க: முட்டை, குடை, செருப்பு.

ஜூலை 9, புதன்

தலைவலி. டீம் லீட் சௌமிக்தா (‘தா’ என்றால் இங்கே வங்காளத்தில் அண்ணன்) கூப்பிட்டார். "கயல், நீல் கோத்தாய்? எகானே ஜொல் நேய்." நீலம் எங்கே, இங்கே தண்ணீரே இல்லையாம். ஜூன் படத்தைக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. பிறகுதான் விஷயம் வந்தது. தண்ணீர் இல்லை என்ற பழைய வரைபடம் கிளையண்டுக்குப் போய்விட்டதாம். திருத்தினால் நம் தப்பு வெளியே தெரியுமாம். நீ குறித்ததை அழித்துவிடு என்றார். என் ப்ரொபேஷன் இந்த மாதம் முடிவதையும் சிரித்துக்கொண்டே ஞாபகப்படுத்தினார்.

பக்கத்து சீட் முத்து, மதுரைக்காரன்: "அந்த மலையக் கண்ணால பாத்திருக்கியா நீ? பேசாம அழிச்சுட்டுப் போ. ஒனக்கென்ன?"

எனக்கென்னவா? படத்தில் ஆட்டுத்தடங்கள் எல்லாம் அந்தப் பச்சையில்தான் போய் முடிகின்றன. பக்கத்தில் ஒரு பட்டி. யாரோ அதைக் குடித்துப் பிழைக்கிறார்கள். பயமாக இருக்கிறது. கோபம் அதைவிட அதிகம்.

ஜூலை 10, வியாழன்

வெயில். கீழே மோட்டார் மூழ்கிவிட்டது. தெருவெல்லாம் தண்ணீர், குளிக்க இல்லை.

அம்மா போன். "வேல எப்படிடீ இருக்கு?" "இருக்கும்மா." பொய் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

சௌமிக்தா மறுபடி மெயில். அழிக்கவில்லை. மாட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

கிளையண்டோடு வீடியோ கால். சௌமிக்தா திரையில் போட்டது பழைய வரைபடம். கிளையண்ட் பக்கத்துப் பெண், அப்படியானால் தண்ணீர் எதுவும் இல்லையா என்றாள். அவர் வாய் திறக்குமுன் என் மைக்கை ஆன் செய்தேன்.

இருக்கிறது என்றேன். முத்து மேசைக்கடியில் என் காலை மிதித்தான். எங்கே என்று கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஹெச்.ஆர். வரச்சொல்லியிருக்கிறார்கள். ஜூன் படத்தைப் பெரிதாக பிரின்ட் எடுத்துவிட்டேன்.