குழலுக்கு அடியில் இருந்த தோல் துண்டு

1. இதை எழுதுபவன், தோல்மின் ஊரில் நோட்டரியாக இருந்து ஓய்வுபெற்ற விதோமிர் கவ்ச்னிக், உன் தகப்பன்.
2. இதைப் பெறுபவள், மெல்போர்னில் வசிக்கும் என் ஒரே மகள் அலேன்கா.
3. நான் கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் கீழே பிரித்தே எழுதியிருக்கிறேன்.

அன்பு மகளுக்கு, இங்கே உன் அம்மாவும் நானும் உடலளவில் நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும் என்றே இந்த மனநிலையிலும் விரும்புகிறேன். மலையில் பனி உருகிவிட்டது, இதயத்துக்கான மாத்திரையை உன் அம்மா தவறாமல் என் கையில் வைக்கிறாள். சென்ற இலையுதிர்காலத்தில் நான் சுட்ட கலைமான் பின்தொடையில் அடிபட்டு ஓடியதும், சிரிலின் நாய் மறுநாள் அதை உயிரோடு கண்டுபிடித்ததும் உனக்குத் தெரியும். அது செத்தபின், விழுந்த விலங்குக்கு வேட்டைக்காரன் மரியாதையாக வைக்கும் கடைசிக் கவளமான தளிர்க் கிளையை அதன் வாயில் வைக்க எனக்குக் கை எழவில்லை, வேறு எவரும் வைக்கவுமில்லை. வேட்டைச் சங்கத் தலைவன் என்ற முறையில் சிரில் எல்லோர் முன்னிலும், கண்ணாடிய மாத்து விதோமிர், இல்லன்னா துப்பாக்கிய மாட்டி வச்சுட்டு முயல் வளத்துக்கோ என்றான். மறுக்கக் காரணமில்லாததால் என் வேட்டைப் பகுதியை நானே சங்கத்துக்குத் திருப்பி எழுதிக் கொடுத்தேன்.

இனி எனக்குப் பயனில்லாத துப்பாக்கியை நல்ல நிலையில் உன்னிடம் ஒப்படைக்கலாம் என்று இம்மாதம் அதைச் சமையலறை மேசையில் பிரித்தேன். ஈரத்தில் ஊதிய அதன் பழைய மரக்கட்டையின் உட்புறத்தைச் சுரண்டி, இரும்பு அசையாமல் உட்கார எப்பாக்சிப் பசையால் அச்சுப்படுக்கை போடுவதே நோக்கம். குழலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் தடையின்றி ஓட வேண்டும், ஓடவில்லை. முனையருகே ஒரு பக்கமாகப் பச்சை நிறத் தோல் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. போர் என்று நாம் அழைத்த, செத்துப்போன நம் நாயின் பச்சைக் கழுத்துப்பட்டையை நினைவுக்கென்று கேட்டு வாங்கிப் போனவள் நீ. இருந்தும் ஊகத்தை உண்மையாகக் கொள்ளும் பழக்கம் எனக்கில்லை. கட்டையைத் தொடுமுன் சுடுதளத்துக்குப் போய், தோலை வைத்தும் எடுத்தும் சுட்டேன். வைத்தபோது குண்டுகள் விலகின, எடுத்தபோது நடுவில் விழுந்தன. பிறகு இரும்புக்கும் திருகுகளுக்கும் மெழுகு பூசி, பசையிட்டு, இறுக விட்டு மீண்டும் சுட்டேன். ஒன்றின் துளையிலேயே மற்றொன்று விழுந்தது. குறி அட்டையைப் பார்த்த சிரில், என்னய்யா நோட்டரி, பாதிரியாரக் கூப்பிட்டு மந்திரிச்சியா என்றான். பசைதான் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யல்ல, முழு உண்மையுமல்ல.

துப்பாக்கியைச் சுட்டுச் சரிபார்க்கும் வசந்தகாலச் சோதனை முடிந்தால் அந்த ஆண்டு நான் மறுபடி குறி பார்ப்பதில்லை என்பதை அறிந்தவர்கள் இவ்வீட்டில் இருவர். சென்ற கோடையில் இங்கே வந்தபோது கட்டைக்கு எண்ணெய் பூசித் தருகிறேன் என்று நீ கேட்டு வாங்கினாய், மகிழ்ந்து கொடுத்தேன். தோலை உன் அம்மாவின் முன் வைத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: நெஞ்சு வலியோட தனியா மலை ஏறுறீங்க, சொன்னா கேக்குறீங்களா, குறி தப்புனா நீங்களே விட்டுருவீங்கன்னு அவ சொன்னா, நானும் சரின்னேன். என் மேல் உள்ள அன்பால் செய்தீர்கள் என்பதை ஏற்கிறேன். ஆனால் குறி முழுதாகத் தப்பவில்லை, மகளே. அந்த மான் ஓர் இரவு முழுவதும் புதரில் கிடந்தது. குளிர்காலம் முழுவதும் நான் என் கையை விரித்து வைத்து, நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் என்னைத் தேற்றிய குரல் உன்னுடையது.

என் பெயரைத் துடைக்க வேண்டுமானால் சங்கத்தில் உன் பெயரைச் சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன். கண் மங்கிய கிழவன் என்றே இருந்துவிட்டுப் போகிறேன். துப்பாக்கி உனக்காகப் பெட்டியில் இருக்கிறது, இப்போது அது பொய் சொல்லாது. வரும்போது பட்டையின் மீதியைக் கொண்டு வா. அங்கே குளிர் தொடங்கும் காலம், நெஞ்சைப் போர்த்திக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும். நீ தொட்டதெல்லாம் நேராக அமையட்டும்.

உன் தகப்பன்,
விதோமிர் கவ்ச்னிக்

சாட்சிகள்:
சிரில் ஹ்வாலா (கடிதத்தைப் படிக்காமல், கையொப்பத்துக்கு மட்டும்)
மார்யேதா கவ்ச்னிக், உன் அம்மா (முழுவதும் படித்து, அழுதபின்)