அவசரத்துக்கு ஒரு பெயர்

அன்புள்ள வாலுவுக்கு, அக்கா எழுதுவது.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்? மூன்று நாட்களாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பதில் தெரியவில்லை.

பதறாதே. எனக்கு ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் கேள்வி இது. அவசர நேரத்தில் தகவல் தெரிவிக்க வேண்டியவரின் பெயர், உறவு, தொலைபேசி எண். அவர் உள்நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதனால் நீ கிடையாது. வேறு யார் என்று யோசித்தேன். அம்மாவும் அப்பாவும் இருந்தவரை இப்படி ஒரு கேள்வி இருப்பதே தெரியாது. அலுவலகத்தில் என் மேலதிகாரி இருக்கிறார். எனக்கு ஏதாவது ஆனால் அலமாரிச் சாவி எங்கே என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

ஆக, விண்ணப்பிக்கிறேன். நாளைக் காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். உன் கடிதத்தில் அறுவை சிகிச்சைத் தேதியை ஒரு வரியில் சொல்லிவிட்டு, டாக்டரம்மா நல்லவர், வார்டு ஜன்னலுக்கு வெளியே மரம் இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். நீ வந்தால் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் தாளின் மடிப்பில், பாதி மறைகிற மாதிரி எழுதியிருந்தாய். மடிப்பைப் பிரித்துப் படிக்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும். அப்போது ஆறு வாரம் இருந்தது. இப்போது ஐந்து.

உன் கல்யாணத்தின்போது பாஸ்போர்ட் இல்லை என்று எழுதினேன். அது உண்மை. வேண்டும் என்று நினைத்திருந்தால் வாங்கியிருக்கலாம் என்பதும் உண்மை. உன் வீட்டுக்காரர் உன்னை விட்டுப் போனபோதும் அதே பதிலை எழுதினேன். ஏன் வாங்கவில்லை என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

நீ சொன்னபடி ஏஜென்டிடம் போனேன். அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் ஒரு வாரம் தன்னிடம் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ரசீது தருவீர்களா என்று கேட்டதற்கு, எல்லாம் ஒரு நம்பிக்கைதானேம்மா என்றார். உன் அக்கா பல்கலைக்கழகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் சான்றிதழ் சரிபார்ப்புப் பிரிவில் இருப்பவள். நம்பிக்கை என்று யாராவது சொன்னாலே கையில் இருக்கும் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவள். ஒரே ஆளின் நகலை வைத்து மூன்று பேர் மூன்று இடத்தில் வேலையில் சேர்ந்ததைப் போன வருடம்தான் நான் கண்டுபிடித்தேன். அசலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பும்படி எழுதியிருந்தாய், விசாவுக்கு நீயே தயார் செய்வதாக. அதுவும் முடியாது. கோபித்துக்கொள்ளாதே. நேரில் கொண்டுவருகிறேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் என்னிடம் பட்ட பாட்டைக் கேட்டால் நீ சிரிப்பாய். இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றேன். வெளியே வந்த பக்கங்களை எண்ணினேன். கோணலாக விழுந்த ஒன்றை அவர் குப்பையில் போடப் போனார். அதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். கணினியில் எதுவும் தங்கியிருக்கக் கூடாது என்றேன். மேடம், இந்த மெஷினுக்குக் காலையில என்ன பண்ணுச்சுன்னே ஞாபகம் இருக்காது, உங்கள எங்க ஞாபகம் வெச்சுக்கப் போகுது என்றார். அப்படிச் சொன்னாலும், திரையை என் பக்கம் திருப்பி, வித்தைக்காரர் வெறும் கையைக் காட்டுவதுபோல் கணினியின் காலிக் குப்பைத்தொட்டியைக் காட்டினார்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. எந்த நகலையும் சும்மா வெளியே விட மாட்டோம். இரண்டு சாய்கோடு போட்டு, இன்ன காரியத்துக்கு மட்டும், வேறெதற்கும் செல்லாது என்று நடுவில் எழுதி, தேதியும் கையெழுத்தும் போடுவோம். அப்போதுதான் அதை வேறு யாரும் வேறெதற்கும் பயன்படுத்த முடியாது. பிறப்புச் சான்றிதழுக்குக் கனமான தாளில் கலர் நகல் எடுத்திருந்தேன். இன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்து, வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். அழியாத கறுப்பு மை. முடித்த பிறகு பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் காகிதத்துக்குள் அரசுச் சின்னம் தெரிந்தது.

அசல் மேல் எழுதிவிட்டேன், வாலு. பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கு மட்டும், வேறெதற்கும் செல்லாது. நான் பிறந்ததற்கு இருக்கும் ஒரே அசல் அது. இருபத்திரண்டு வருடமாக மற்றவர்கள் காகிதத்தில் தப்புக் கண்டுபிடித்தவள் செய்த வேலை. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சமையலறை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

புதிய சான்றிதழ் வாங்க மூன்று வாரமாவது ஆகும். அதன் பிறகு பாஸ்போர்ட் அலுவலகத்தில் மறுபடி நேரம் வாங்க வேண்டும். நாளைக்கு அவர்கள் இதை ஏற்காவிட்டால், உன்னை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோகும்போது நான் இங்கேதான் இருப்பேன்.

அந்தக் கடைசிக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. எங்கள் கட்டடத்தில் எட்டு வீடு. தண்ணீர் மோட்டார் போடும் முறைக்காக எல்லோருடைய எண்ணையும் ஒரு தாளில் எழுதிப் படிக்கட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். வருகிற போகிற எல்லோரும் பார்க்கிற இடத்தில் எதற்கு என்று என் எண்ணை மட்டும் பேனாவால் அடித்துவிட்டேன். அதிலிருந்து யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. அடித்ததும் நான்தான், ஒருவரும் கூப்பிடவில்லை என்று இப்போது எழுதுவதும் நான்தான்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா மட்டும் படியில் பார்த்தால் என்ன டீச்சர், சௌக்கியமா என்பார். நான் டீச்சர் இல்லை என்று பதினோரு வருடமாகச் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு நீளும். அவர் கடைப் பையில்தான் நாளைக்கான காகிதங்களை வைத்திருக்கிறேன். புடவைக்கு ஓரம் அடித்துக் கொடுத்தபோது தந்த துணிப்பை. ஜிப் இருக்கிறது, பார்வைக்குப் பழையது. யாரும் பிடுங்கிக்கொண்டு ஓட மாட்டார்கள்.

மாத்திரைகளை நேரத்துக்குப் போடு. படிக்கட்டில் கனமான எதையும் தூக்காதே. நான் வரும்வரை தைரியமாக இரு. வராவிட்டாலும் தைரியமாக இரு என்று எழுதத்தான் நினைத்தேன். எழுத மனம் வரவில்லை.

உறையை இன்னும் ஒட்டவில்லை. நாளை என்ன ஆயிற்று என்று எழுதிவிட்டு ஒட்டுகிறேன்.

உன் அக்கா

மறுநாள், மாலை நான்கு மணி

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கவுண்டரில் ஒரு பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சான்றிதழை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், நான் பிடிப்பதைப் போலவே. அசல்ல யாரு இப்படிக் கிறுக்கினது என்றார். நான்தான் என்றேன். எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். பக்கத்துக் கவுண்டர்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். எங்களுக்கே மேல இருக்கீங்களே மேடம் என்றார். பிறகு மேலாளரிடம் எடுத்துப் போனார். பதிவு எண்ணும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றன, பதிவேட்டோடு ஒத்துப்போனால் போதும், நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். எழுதிக் கொடுத்தேன். எண் ஒத்துப்போயிற்று.

அடுத்து அந்தக் கட்டம். இங்க ஒண்ணும் எழுதலையே என்றார். யாரும் இல்லை என்றேன். ஒருத்தர்கூடவா என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனால்தான் தாங்கவில்லை. ஓரமா உக்காந்து யோசிச்சு எழுதுங்க, ஒரு மணிக்குள்ள குடுத்தாப் போதும், இல்லன்னா திரும்ப நேரம் வாங்கித்தான் வரணும் என்றார்.

உட்கார்ந்தேன். பை மடியில் இருந்தது. அதில் கடையின் எண் அச்சடித்திருந்தது. முக்கால் மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கூப்பிட்டேன். தையல் இயந்திரச் சத்தம் நின்றது. இன்ன படிவத்துக்கு, இன்ன காரணத்துக்கு மட்டும் உங்கள் எண்ணைக் கொடுக்க அனுமதி வேண்டும், வேறெதற்கும் பயன்படாது என்று அலுவலகக் கடிதம்போல் சொல்லிக்கொண்டே போனேன். அவர் நடுவிலேயே நிறுத்தினார். அட போடுங்க டீச்சர், இதுக்கெல்லாமா கேப்பாங்க, நான் உங்களக் கேட்டேனா என்றார்.

எனக்குப் புரியவில்லை. மகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும் தன்னுடைய ஆஸ்பத்திரி அட்டையிலும் மூன்று வருடமாக என் எண்தான் இருக்கிறதாம். படிக்கட்டுத் தாளில் பார்த்து எழுதிக்கொண்டாராம். கோடு போட்டிருந்தீங்க, ஆனா நம்பர் நல்லாவே தெரிஞ்சுது என்றார். எம் பொண்ணுக்கு ஒண்ணுன்னா பதட்டப்படாம போயி நிப்பீங்க, வேற யாரப் போடுறது என்றார்.

என் அனுமதி இல்லாமல் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பதிலாக அவருடைய பெயரைக் கேட்டேன், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக. சொன்னார். எழுதினேன். உறவு என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். கீழ்வீடுன்னு போடுங்க, தெச்சுக்கிட்டிருக்கேன், வெச்சுடவா என்றார். இயந்திரம் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.

பன்னிரண்டு நாற்பதுக்கு ரசீது கொடுத்தார்கள். பாஸ்போர்ட் மூன்று வாரத்தில் கைக்கு வரும் என்றார்கள். உன் தேதிக்குப் பதின்மூன்று நாள் முன்னால். அந்தப் பதின்மூன்று நாளுக்குள் விசா கிடைத்துவிடும் என்று விசாரித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது படிக்கட்டில் நின்று பார்த்தேன். நான் போட்ட கோடு அப்படியே இருக்கிறது. அடியில் எண்ணும் இருக்கிறது, ஓர் இலக்கம்கூட மறையாமல்.

உன் ஆஸ்பத்திரிப் படிவத்திலும் இப்படி ஒரு கட்டம் இருந்திருக்கும். அதில் என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. காலியாக விட்டிருந்தால், நாளைக்கே போய் என் பெயரை எழுது. என்னிடம் கேட்க வேண்டாம்.