தறியின் இடது பக்கம்

பேசாமல் இருந்தே எங்களையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்த என் அம்மாவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. நீ இருந்தபோதும் நான் சென்னையிலிருந்து போட்ட கார்டுகளைப் பக்கத்து வீட்டில் யாராவதுதான் படித்துச் சொல்வார்கள். அதனால் இதையும் எல்லாரும் பார்க்கிற மாதிரியே எழுதுகிறேன். யாராவது உனக்குப் படித்துச் சொல்லட்டும். படிக்கிறவர்களுக்கும் என் லட்சணம் தெரியட்டும்.

முதலில் நல்ல சேதி. யுனிவர்சிட்டியில் இந்த வருஷம் எனக்குப் புதுப் பாடம் கொடுத்திருக்கிறார்கள். பேரலல் புரோகிராமிங் என்று பேர். நீ இருந்தால் “அப்டின்னா இன்னாடா?” என்று கேட்டிருப்பாய். ஒரு வேலையைப் பிரித்துக் கொடுத்து, பல கம்ப்யூட்டர்களை ஒரே நேரத்தில் செய்ய வைப்பது. யார் எப்போது நிற்க வேண்டும், யார் யாருக்குக் குரல் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அதுதான் பாடம்.

வெளிநாட்டில் இதற்கென்றே மிஷின்கள் வந்துவிட்டனவாம். எங்களிடம் இருப்பது ஏ.சி. அறையில் ஒரே ஒரு மிஷின். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய், அந்த ஒன்றையே இரண்டு என்று நினைத்துக்கொள்ளச் சொல்லிப் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். முக்கால்வாசிப் பாடம் போர்டிலும் சாக்பீஸிலும்தான் ஓடுகிறது.

இனி கெட்ட சேதி. இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் மிஷின் கதையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறேன்.

முதல் வகுப்பில், ஒரே ஆள் ஒன்று முடித்து அடுத்தது என்று வேலை செய்வதற்கு ஓர் உதாரணம் வேண்டியிருந்தது. புத்தகத்தில் இருந்தது எனக்கே பிடிக்கவில்லை. சட்டென்று, ஆரணியில் எங்கப்பா என்று ஆரம்பித்துவிட்டேன். போர்டில் தறி வரைந்தேன். குழியில் கால் விட்டு உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை வரைந்தேன். ஒரு தறி, ஒரு ஆள், அவர் கை எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் புடவையும் ஓடும் என்றேன். மெட்ராஸ் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

கலைச்செல்வி என்று ஒரு பெண். ஆரணிக்குப் பக்கத்து முள்ளிப்பட்டுக்காரி, நெசவு வீடு. அவள் எழுந்து நின்று கேட்டாள்: “சார், உங்க வீட்ல இந்தப் பக்கம் கரை யாரு போடுவாங்க?”

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வருகிற கோர்வைப் புடவைக்கு ஓர் ஆள் போதாது. நெய்கிறவர் உடலுக்கும் வலது கரைக்கும் நாடாவை, அதாவது குறுக்கு நூல் சுற்றிய கட்டையை, விடுவார். இடது கரைக்கு இன்னொருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து நாடா விட வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் விட வேண்டும். அந்த ஆள் எழுந்து போனால் தறி நின்றுபோகும். எங்கள் வீட்டுத் தறியில் இடது பக்கம் உட்கார்ந்தவள் நீ. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய்.

அந்தக் கேள்வி வரும்வரை நீ என் நினைவுக்கே வரவில்லை, அம்மா. பொய் சொன்னதைவிட இதுதான் என்னைக் குடைகிறது. உன் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டே நாடா போய் வருவதைப் பார்த்தவன் நான். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலையைப் பற்றிப் பாடம் நடத்த வந்தவனுக்கு ஓர் ஆள்தான் கண்ணில் பட்டிருக்கிறார் என்றால், இவனெல்லாம் என்ன வாத்தியார்?

ஆமாம், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். முதல் உதாரணத்திலேயே தப்பு என்று தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்துவிட்டேன். “எங்க வீட்ல கோர்வை இல்லம்மா, ப்ளெய்ன் புடவைதான்” என்றேன். அதோடு வாயை மூடியிருக்கக் கூடாதா? “பேச்சுத் துணைக்குப் பக்கத்துல உட்கார்ந்துகினு இருக்கறவங்களை எல்லாம் கணக்குல சேர்க்க முடியாது” என்று வேறு சொன்னேன். வகுப்பே சிரித்தது. கலைச்செல்வி சிரிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக எப்படி வந்தது தெரியுமா? நீ போனபிறகு அப்பா ப்ளெய்ன் புடவைதான் நெய்கிறார். கரைக்கு வேறு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா மசியவில்லை. அந்த இடத்தில் இப்போது அவருடைய துண்டும் தண்ணீர்ச் சொம்பும் இருக்கின்றன. உன் இடம் காலியாகிவிட்டதை வைத்துத்தான் நான் அந்த வகுப்பில் தப்பித்தேன்.

போன வெள்ளிக்கிழமை கலைச்செல்வி என் அறைக்கு வந்தாள். எங்கள் துறையில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தலைப்பு எடுத்து வகுப்பின் முன்னால் பேச வேண்டும், அதற்கு மார்க் உண்டு. அவள் ‘ஒரு தறியில் இரண்டு பேர்’ என்று துறை ஆபீசில் முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள், நான்தான் பார்க்கவில்லை. அதை மாற்ற வேண்டும், புத்தகத்தில் இருப்பதையே பேசிவிடுகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டேன். கேட்க எனக்கு நா எழுந்ததே பெரிய விஷயம்.

“எல்லாரும் சிரிப்பாங்க சார்.” தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “உங்கம்மாவ எனக்குத் தெரியும் சார். எங்கம்மாவுக்குக் கை ஒடிஞ்சப்போ எங்க தறியில வந்து கரை போட்டாங்க, உங்களப் பத்திதான் பேசுவாங்க. நீங்க அவங்க பேரைச் சொல்லுவீங்கன்னுதான் அன்னிக்கி கேட்டேன்.”

அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் நடுவில் என்னை ஒரே வார்த்தையில் கவிழ்த்திருக்கலாம். கவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அப்போதாவது நான் மன்னிப்புக் கேட்டேனா? “சரிம்மா, மாத்திக்கோ” என்றேன். அவள் போய்விட்டாள்.

நீ முள்ளிப்பட்டுக்குப் போய் வந்தாய் என்பதே எனக்குத் தெரியாது. காலையில் அப்பாவின் தறி, மதியம் பஸ் பிடித்துப் போய் அவர்கள் தறி என்று இருந்தாயாமே, அப்பா சொல்லித்தான் தெரிந்தது. லீவில் வந்தபோது நீ வீட்டில் இல்லாவிட்டால், சோறு போட ஆள் இல்லையே என்று சலித்துக்கொண்டதோடு சரி. எங்கே போனாய் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா?

சனிக்கிழமை பஸ் ஏறி ஆரணிக்கு வந்துவிட்டேன். இன்று காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தறியை நிறுத்தவில்லை. உங்கள் சண்டை ஒன்றைத்தான் ஞாபகப்படுத்தினார்.

தேசூரில் மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அப்பா வராமல் போனதற்கு நீ பேச்சை நிறுத்தினாயே, அந்தச் சண்டை. அப்பா “ம்” என்றால்தான் நீ நாடா விடுவாய். அன்றைக்கு அவர் “ம்” சொல்லவில்லை, நீயும் விடவில்லை. அவர் உனக்காகக் காத்திருக்க, நீ அவருக்காகக் காத்திருக்க, இரண்டு பேரும் நாடாவைக் கையில் பிடித்தபடி பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தீர்கள். முதலாளி வீட்டு ஆள் வந்து புடவை எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்க, அப்பா அவருக்குப் பதில் சொல்வதுபோல் “ம்” என்றார். நீ நாடாவை விட்டாய். இப்படி ஒருவருக்காக ஒருவர் காத்து, இரண்டும் நின்றுபோவதைத்தான் எங்கள் பாடத்தில் டெட்லாக் என்று சொல்லி, புரியவைக்க நான் தலையால் தண்ணீர் குடிக்கிறேன்.

அதைச் சொல்லி அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் அவள பேர் சொல்லிக் கூப்ட்டதே இல்ல. ‘ம்’னா அவளுக்குத் தெரியும். உனக்கு இன்னாடா? அந்தப் பொண்ணு கேட்டப்போ வாய்ல கொழுக்கட்டையா வெச்சிகினு இருந்த?”

துண்டையும் சொம்பையும் நகர்த்திவிட்டு உன் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கூரைக் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் அப்பா பக்கம்தான் விழுகிறது. உன் பக்கம் இருட்டாக இருக்கிறது. இவ்வளவு நாளும் நீ கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தது வயசினால் என்று நினைத்திருந்தேன்.

அம்மா, நாளைக்கு முதல் பீரியட் எனக்கு. போர்டில் அதே தறியை வரைவேன். பாடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர்தான் போடுவோம். நாளைக்கு நம்பர் போட மாட்டேன். வலது பக்கம் அப்பா பேர். இடது பக்கம் தனபாக்கியம் என்று எழுதுவேன். அது யார் சார் என்று கேட்பார்கள். எங்கம்மா, அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொல்வேன். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், இந்த முறை என்னைப் பார்த்துத்தானே சிரிப்பார்கள். பிறகு சாக்பீஸைக் கலைச்செல்வி கையில் கொடுத்துவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்து, அவள் பேசுவதைக் கேட்பேன்.

எனக்கு மன்னிப்பு வேண்டாம். நீ கோபித்துக்கொண்டு பேசாமலே இரு. நான்தான் முதலில் “ம்” சொல்ல வேண்டியவன்.

இத்தனை வருஷம் அப்பா பேரின் முதல் எழுத்தை மட்டும் முன்னால் போட்டுக் கையெழுத்திட்ட,

தனபாக்கியம் மகன்
சேகர்