கொரியா டீச்சரின் விடியற்காலை ஜெபம்

அக்கா, இன்று காலையில் பார்லியைத் தீய்த்துவிட்டேன். காலில் நீர் கோத்திருக்கிறது, பார்லித் தண்ணீர் குடியுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சும்மா வேகவைத்து வடிகட்டினால் போதும். நானோ வாணலியை அடுப்பில் ஏற்றி, பார்லியைக் கொட்டி, வறுத்துக்கொண்டு நின்றேன். நீங்கள் அப்படித்தான் செய்வீர்கள், கை தானாக அதைச் செய்தது. ஜன்னல் வழியாகக் கம்பெனி பஸ் ஒன்று எங்கள் குறுகிய தெருவில் திரும்பத் திணறுவதை வேடிக்கை பார்த்ததில் எல்லாம் கருகிவிட்டது. அந்த வாசனை சமையலறை முழுக்க நிறைந்தபோது, நீங்கள் பின்னால் நின்று "அடுப்ப சின்னது பண்ணு" என்று சொல்வது போலிருந்தது. கீழேயிருந்து வீட்டுக்காரம்மா கன்னியம்மா, "இன்னா டீச்சரே, எதுனா தீயுதா?" என்று குரல் கொடுத்தார். ஒன்றுமில்லை என்றேன்.

நீங்கள் இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்கு இதுவரை தோன்றியதில்லை. நான் கணக்கு டீச்சர். போய்ச் சேராத கடிதத்தை எழுதுகிற ஆள் இல்லை என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன்.

தண்டலம் பக்கத்தில் எங்கள் பள்ளிக்கு நீங்கள் வந்த நாள் நினைவிருக்கிறது. ஒரகடத்துக் கம்பெனிகளுக்காக வந்திருந்த உங்கள் நாட்டுக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பகலில் பாடம். சாயங்காலம், அதே கம்பெனிகளில் மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆசைப்படும் எங்கள் ஊர் இளைஞர்களுக்குக் கொரிய மொழி வகுப்பு. மாடி போர்ஷனில் நான் தனியாக இருக்கிறேன், ஓர் அறை காலியாகக் கிடக்கிறது என்று பிரின்ஸிபாலுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "ரெண்டு பேரும் கிறிஸ்டியன், அட்ஜஸ்ட் ஆயிடும்" என்று அவரே முடிவு கட்டிவிட்டார். இரண்டு கிறிஸ்தவர்களை ஒரே வீட்டில் குடிவைத்துப் பார்த்திராத மனிதர்.

வந்த அன்றே என் வயதைக் கேட்டீர்கள். சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, நீங்கள்தான் மூத்தவர் என்று அறிவித்தீர்கள். உங்கள் நாட்டில் அது தெரியாமல் ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியாதாம். திருநெல்வேலிக்காரியான எனக்கு அதில் ஆச்சரியமில்லை. அன்றிலிருந்து நீங்கள் எனக்கு அக்கா.

மற்றதெல்லாம் உங்களுக்கு எளிதாகவே வந்தது என்று இப்போது தோன்றுகிறது. செருப்பை வாசலில் விடுவது உங்கள் ஊர் வழக்கமும்தான். காரத்தில் எங்களையே தோற்கடித்தீர்கள். வெயிலைத் திட்டினீர்கள், கரண்ட் போனால் விசிறிக்கொண்டீர்கள், அவ்வளவுதான். நாங்கள் தலையை ஆட்டுவது ஆமாவா இல்லையா என்பதுதான் நெடுநாள் பிடிபடவில்லை. பிறகு ஒருநாள் ஊரிலிருக்கும் உங்கள் தம்பியோடு வீடியோவில் பேசும்போது நீங்களும் அதே மாதிரி ஆட்ட, அவர் குழம்பிப்போனதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வறுத்த பார்லித் தண்ணீரை நாள் முழுக்க நீங்கள் குடிப்பதைப் பார்த்துத் தெரு உங்களுக்குச் சிறுநீரகக் கோளாறு என்று முடிவு செய்து, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினீர்கள்.

தமிழ்தான் என் வருத்தம். "என்ன, எப்படி இருக்கிறீர்கள்" என்று நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க, நீங்கள் கீழ்வீட்டுப் படியில் கன்னியம்மாவோடு கீரை ஆய்ந்தபடி வேறு தமிழைக் கற்றுக்கொண்டு வந்தீர்கள். பிரின்ஸிபாலைப் பார்த்து, "இன்னா சார், நல்லா கீறீங்களா?" என்று கேட்டு, உங்கள் வழக்கப்படி இடுப்பு வரை குனிந்து வணங்கினீர்கள். அவர் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றார். வீட்டுக்கு வந்து நான் திருத்தினால், "உன் தமிழ் ரோட்டுல யாரும் பேசல" என்றீர்கள். நியாயம்தான்.

இடித்த இடம் ஜெபம்.

எங்கள் ஊர்ப்பக்கம் போதகர் வாசிப்பார், நாங்கள் ஆமென் சொல்லுவோம். வீட்டில் என்றால் முழங்காலிட்டு, வாய்க்குள்ளேயே சொல்லி முடித்து, எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சுவோம். உங்கள் நாட்டிலோ தினமும் விடியுமுன்னே சபைக்குப் போவீர்களாம். எல்லாரும் சேர்ந்து "கர்த்தரே" என்று மூன்று முறை உரக்கக் கூப்பிட்டுவிட்டு, அவரவர் பாரத்தை ஒரே நேரத்தில் சத்தம் போட்டு, அழுது, கொட்டித் தீர்ப்பீர்களாம். இங்கே சபை ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும். மற்ற நாட்களில் கேட்டில் பூட்டும், அதனடியில் ஒரு நாயும்தான் இருக்கும். வந்த புதிதில் எனக்காகக் குரலை அடக்கிக்கொண்டீர்கள். அடக்கியது எத்தனை நாள் நிற்கும்?

அன்று நான் குளித்துக்கொண்டிருந்தேன். "ஜூயோ!" என்று மூன்று முறை கூப்பிட்டீர்கள். உங்கள் மொழியில் கர்த்தரே. பிறகு ஓவென்று அழுகை. முதல் ஷிப்ட் பஸ்ஸுக்குக் காத்திருந்த கம்பெனிப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த கன்னியம்மாவுக்கும் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் அந்த நேரத்து அழுகைக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. உங்கள் ஊரில் யாரோ போய்விட்டார்கள், போன் வந்திருக்கிறது. கோலமாவுக் கையோடு மாடிக்கு ஓடி வந்தார்கள்.

வந்தவர்கள் செய்ததும் இங்கே யாரும் செய்வதுதான். கன்னியம்மா கூந்தலை அவிழ்த்துவிட்டு உங்கள் பக்கத்தில் குந்தி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஊர வுட்டு ஊரு வந்து ஒத்தையில அழுவுறியே என் தாயீ" என்று ராகம் போட ஆரம்பித்தார். மற்றவர்களும் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதைப் பின்னால் சொன்னீர்கள். இந்த நாட்டில் உங்களைப் போலவே ஜெபம் பண்ணுகிறவர்கள் கடைசியில் கிடைத்துவிட்டார்கள் என்று நினைத்தீர்களாம். அந்தச் சந்தோஷத்தில் கன்னியம்மாவை இறுகக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதீர்கள். அவர் அதைவிடப் பலமாக.

ஈரத் தலையில் துண்டோடு நான் வெளியே வந்து பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

"யாரு டீச்சரே பூட்டாங்க? அம்மாவா?" என்றார் கன்னியம்மா, மூக்கைச் சிந்தியபடி.

"யாரும் சாகலம்மா. அவங்க ஜெபம் பண்ணுதாங்க."

கன்னியம்மாவின் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். மெல்ல எழுந்து கூந்தலை முடிந்துகொண்டார். கீழே அவருடைய மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஏழு மாதம். சாவு விழாத வீட்டில், வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில், தானே தலையை அவிழ்த்து ஒப்பாரி வைத்துவிட்டோம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"இன்னாம்மா இது, சாவு வூடு மாரி? வயித்துல புள்ளய வெச்சிகினு ஒருத்தி கீழ கீறா. இன்னொரு தபா இந்தச் சத்தம் வந்துச்சுன்னா வேற வூடு பாத்துக்கங்க, ஆமா." மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு இறங்கிப் போய், எல்லாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். நீங்கள் முழங்காலிட்ட இடத்திலேயே இருந்து, "அவங்க ஜெபம் முடிஞ்சுதா?" என்று என்னைக் கேட்டீர்கள்.

விளக்கிச் சொன்ன பிறகு மிகவும் வெட்கப்பட்டீர்கள். கீழே போய்க் குனிந்து மன்னிப்புக் கேட்டீர்கள். அதன் பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துப் பார்த்தீர்கள். ஆட்டோ பிடித்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கும் போனீர்கள். விடியற்காலையில் ஏரிக்கரையில் தனியாக அழும் பெண்ணைக் காவல்காரர் சும்மா விடுவாரா? உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "குடும்பத்துல எதுனா பிரச்சனையாம்மா? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்று ஒரு மணி நேரம் புத்தி சொல்லி அனுப்பினார். அவரை நல்ல மனிதர் என்றீர்கள். மறுபடி போகவில்லை.

அப்புறம் நீங்கள் அமைதியானீர்கள். எனக்கு அந்த அமைதி வசதியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் கீரை ஆயப் போவதை நிறுத்திவிட்டீர்கள். சாப்பாடு குறைந்தது. வகுப்பில் சிரிப்பில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். வருஷக் கடைசியில் ஊருக்கே திரும்பிவிடப் போவதாகப் பிரின்ஸிபாலிடம் சொல்லிவிட்டு வந்தீர்கள்.

"மனசுக்குள்ள பண்ணினா கர்த்தருக்குக் கேக்காதாக்கா?" என்றேன்.

"அவருக்குக் கேக்கும். எனக்குக் கேக்க வேணாமா?"

வெயிலும் கரண்டும் துரத்தாத ஒருவரை இது துரத்துகிறதே என்று பட்டது. போகிறவரைப் பிடித்து வைக்கும் பழக்கம் என்னிடம் இல்லை. உள்ளூர எனக்கு நீங்கள் போகக் கூடாது என்றிருந்தது. அதையாவது அன்று சொல்லியிருக்கலாம்.

செல்விக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு முன்பே வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு பகலும் ஓர் இரவும் போயிற்று. குழந்தை திரும்பவில்லை, செல்விக்கோ ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்றார்கள். விடியும் நேரத்தில் மாற்றுப் புடவை எடுக்க வந்த கன்னியம்மா, வீட்டைத் திறக்காமல் நேராக மாடிக்கு வந்தார். வாசல்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, உன் சாமியாண்ட சொல்லும்மா. வாயத் தொறந்து சொல்லு. அன்னிக்கு அழுதியே, அதே மாரி அழு."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கீழே தெருவைப் பார்த்தீர்கள்.

"தெரு கேட்டா கேட்டுகினு போவட்டும். நான் சொல்றேன், அழு. என் பொண்ணு எனக்கு வேணும்."

முழங்காலிட்டீர்கள். மூன்று முறை கூப்பிட்டீர்கள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. உங்கள் மொழிக்கு நடுவே "செல்வி, செல்வி" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. கன்னியம்மா உங்கள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு புடவையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. தாயும் பிழைத்தாள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவுக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் சொன்னபோது நீங்கள் எங்கள் மாதிரியே தலையை ஆட்டினீர்கள், ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. கன்னியம்மாவுக்கு அந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. முதல் ஷிப்டுக்குப் போகும் தன் மகனை, "டேய், டீச்சரம்மா அழ ஆரம்பிச்சிட்டாங்க, எய்ந்திரு, பஸ்ஸு பூடும்" என்று எழுப்பும் அளவுக்கு உங்கள் ஜெபம் தெருவுக்குப் பழகிவிட்டது. ஊருக்குப் போகும் பேச்சை நீங்கள் பிறகு எடுக்கவில்லை. பல வருஷம் இருந்தீர்கள். சிகிச்சைக்கென்று ஊருக்குப் போனவர்தான், திரும்பவில்லை.

உங்கள் தம்பி அனுப்பிய செய்தியை ஸ்டாப் ரூமில் வைத்துப் படித்தேன். அடுத்த பீரியட் எனக்கு ஒன்பதாம் வகுப்பு. போய் நடத்தினேன், நன்றாகவே நடத்தினேன். சாயங்காலம் கன்னியம்மாவிடம் சொன்னேன்.

"எட்த்துட்டாங்களா?" என்றார்.

"அடக்கமெல்லாம் ஆகிட்டாம்."

"அங்க அவங்களுக்கு அழ ஆளு கீதா? புள்ள குட்டி கூட இல்லியே."

சபைக்காரர்கள் இருப்பார்கள் என்றேன். உள்ளே செல்வி இரண்டாவது பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள். அதனால் பேச்சு அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் முதல் ஷிப்ட் பஸ் வருவதற்கு முன் கதவைத் தட்டினார். கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தார். செல்வி கீழே இருக்கிறாளே என்றேன். "கீறா, கீறட்டும். அவ உசுரோட கீறதே இவங்க அழுததாலதான்" என்று என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, நீங்கள் முழங்காலிடும் இடத்தில் உட்கார்ந்து, ஒப்பாரி வைத்தார். சாமிக்கே கேட்கும்படி அழுதவளே, உனக்கு அழ நான் கீறேன்டி என்று. உங்களை அவர் 'டி' போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

நான் சுவரோரமாக நின்றேன். அவர் நடுவில் நிறுத்தி, "இன்னா மரம் மாரி நிக்கிற? உன் அக்காதானே?" என்றார்.

உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன். எங்கள் ஜெபப் புத்தகத்தில் மரித்தவர்களை அடக்கம் பண்ணும்போது சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குத் தெரியும், சின்ன வயதிலிருந்து கேட்டது. அதில் ஒன்றும் வரவில்லை. "அக்கா" என்றுதான் வந்தது. மறுபடி மறுபடி அதுவேதான் வந்தது. பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, கிளம்பிப் போகும் வரை கத்திக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் நானும் வாய்விட்டுத்தான் ஜெபிக்கிறேன். உங்கள் அளவுக்கு இல்லை, அடுத்த அறைக்குக் கேட்கலாம். இறந்தவர்களுக்காக ஜெபம் பண்ணுவது எங்கள் சபையில் வழக்கமில்லை, உங்கள் சபையிலும் இல்லை. அதனால் உங்களுக்காகக் கேட்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் தினமும் வாயைத் திறந்தால், கர்த்தரே என்பதற்கு முன்னால் அக்கா என்றுதான் வருகிறது. அதை நான் விழுங்குவதில்லை.