காணாமல் போன நாய்ப் பாடம்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளிக்கு எதிரே இருக்கும் நூடுல்ஸ் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபாங் அக்கா வந்து எதிரில் உட்கார்ந்தாள். வாயில் வழக்கம்போல் பாக்கு. கேட்காமலே ஒரு அவித்த முட்டையை வாங்கி என் கிண்ணத்தில் போட்டாள். அவள் எங்கள் ஆங்கிலத் துறைத் தலைவி. ஆறு வருடமாக அவளுக்குக் கீழே வேலை செய்கிறேன். அவள் முட்டை வாங்கித் தந்தால் பின்னாலேயே ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"நகரப் போட்டிக்கு உன் நாய்ப் பாடந்தான் போகுது, லின்."

திறந்த வகுப்புப் போட்டி! தொலைந்த நாயைத் தேடும் என் ஆங்கிலப் பாடம்! நடுவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். சந்தோஷத்தில் முட்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டேன்.

"ஆனா டாம் நடத்தட்டும்."

முட்டை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

டாம் சீனப் புத்தாண்டான வசந்த விழா விடுமுறைக்குப் பிறகு வந்து சேர்ந்தவன். ஊர் லித்துவேனியா, நிஜப்பெயர் தோமாஸ். வாசல் பலகையில் 'அமெரிக்க ஆசிரியர் டாம்' என்று போட்டிருக்கிறார்கள். ஆங்கிலம் அவனுக்கு மூன்றாவது மொழி என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் பிறந்தவள். 'லின்' இங்கே எனக்கு வைத்த பெயர். சண்டை போடுவதும் கனவு காண்பதும் ஆங்கிலத்தில்தான். அதனால் என்ன? என் நிறம் என் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுவந்த நிறம். அவன் தலைமுடியோ வைக்கோல் நிறம்.

"பெத்தவங்களுக்குப் போட்டோல யாரைப் பார்க்கணும்னு ஆசைன்னு உனக்கே தெரியும். நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். பாக்கை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே சொன்னாள். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 5, புதன்

பாடத்துக்கு நான் வைத்திருந்த துணி நாயையும் டாம் வாங்கிக்கொண்டு போய்விட்டான். அதன் காது கிழிந்தபோது தைத்தது நான்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று முழுசாகத் தெரிந்துவிட்டது. டாம் பரிசு வாங்கினால், செப்டம்பரில் நான்காம் வகுப்புக்குப் போகும் என் மூன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவு அவனுக்கு. நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மழலையர் கிளைக்கு. அங்கே காலையில் வாத்துப் பாட்டு, மதியம் வாத்துப் பாட்டு, நடுவில் மூக்குத் துடைப்பது.

அந்தப் பிள்ளைகளை முதல் வகுப்பிலிருந்து நான் வளர்த்தேன். பென்சில் பிடிக்கத் தெரியாமல் வந்தவர்கள். எவன் பொய் சொன்னால் காது சிவக்கும், எவள் பசித்தால் ரப்பரைக் கடிப்பாள் என்று எனக்குத் தெரியும். டாமுக்கு இன்னும் பெயர்கள்கூட வரவில்லை, "நீ", "பச்சைச் சட்டை" என்று கூப்பிடுகிறான். அவர்களை எப்படித் தூக்கிக் கொடுப்பேன்? கொடுக்க மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

ஃபாங் அக்கா தானாக என் கையில் கத்தியைக் கொடுத்திருக்கிறாள்!

இங்கே திறந்த வகுப்பு என்றால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றி, நேராக. ஒரு மேசையில் கை தூக்காமல் இருந்தாலும் பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் எல்லோருக்கும் எப்படிப் பதில் தெரியும்? அதற்குத்தான் ஏற்பாடு. தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. ஆசிரியர் வலது கைகளை மட்டும் பார்த்துக் கூப்பிடுவார். இந்த ஊரில் எல்லாப் பள்ளியிலும் இதுதான் வழக்கம். நடுவர்களும் ஒரு காலத்தில் இதைச் செய்தவர்கள்தான்.

"டாமுக்குப் பிள்ளைங்களைக் கட்டுப்படுத்தத் தெரியல. நீயே பழக்கிவிடு, தங்கம்" என்றாள்.

தங்கம்! என் பாடத்தையும் என் நாயையும் எடுத்துக்கொண்டு, இப்போது என் பிள்ளைகளையும் நானே பழக்கிக் கொடுக்க வேண்டுமாம்.

"கண்டிப்பா, அக்கா" என்றேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

ஒத்திகைகளில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. வலது என்றால் தெரியும், இடது என்றால் தெரியாது. ஃபாங் அக்காவுக்குப் பரம திருப்தி.

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்: "போட்டி அன்னைக்கு மட்டும் தலைகீழ். தெரிஞ்சா இடது, தெரியாட்டி வலது. அதுதான் விளையாட்டு. டாம் டீச்சர்கிட்டயும் ஃபாங் டீச்சர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. அவங்க கண்டுபிடிக்கிறாங்களான்னு பார்ப்போம்."

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பெங் சியாவ்ஹே மட்டும் கேட்டாள், "அப்ப எனக்குத் தெரியாததெல்லாம் வலது கையா டீச்சர்?" அவளுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கேள்வி கேட்டால் கண் இரண்டும் குளமாகிவிடும், சத்தமே வராது.

"ஆமா கண்ணு. வலது கை."

மார்ச் 26, புதன்

நாளைக்கு. கல்யாண வீட்டுக்குப் போவதுபோல நல்ல உடுப்பை எடுத்து வைத்தேன். வெட்கமாக இல்லையா என்று கேட்டுக்கொண்டேன். இல்லை.

மார்ச் 27, வியாழன்

எழுதாமல் தூங்க முடியாது.

பின்சுவர் ஓரமாக நின்றேன். எனக்கு முன்னால் நடுவர்கள், அவர்கள் பக்கத்தில் முதல்வரும் ஃபாங் அக்காவும். டாம் துணி நாயைத் தூக்கிக் காட்டிவிட்டு நாய் எங்கே தொலைந்தது என்று கேட்டான். காடு மாதிரிக் கைகள் எழுந்தன. வலது கை தூக்கிய ஒருத்தனைக் கூப்பிட்டான். எழுந்தான், விழித்தான், உட்கார்ந்தான். அடுத்த வலது கை. அதுவும் அப்படியே. ஃபாங் அக்காவின் பின்கழுத்து மெல்ல மெல்லச் சிவந்தது. அந்தக் கழுத்தைவிட்டு என் கண் நகரவே இல்லை. இனித்தது. ஆமாம், இனித்தது. இங்கே யாருக்குப் பொய் சொல்லப்போகிறேன்?

மூன்றாவது சியாவ்ஹே. நாய்க்கு வால் எப்படி என்று கேட்டான். நின்றாள். கண்ணீர் தன் பாட்டுக்கு வழிந்தது. திரும்பி என்னைத் தேடினாள். நான் தரையைப் பார்த்தேன்.

டாம் என்ன செய்தான் தெரியுமா? அவளுக்கு முன்னால் மண்டி போட்டான். சட்டைக் கையால் அவள் முகத்தைத் துடைத்தான். துணி நாயை அவள் கையில் கொடுத்து வாலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். அவள் ஒரே ஒரு சொல்லைச் சொன்னாள். யாரோ கைதட்டினார்கள். பிறகு அவனுக்கும் விளங்கிவிட்டது, இடது கைகளைக் கூப்பிட ஆரம்பித்தான்.

முதல் பரிசு!

பெரிய நடுவர் எழுந்து சொன்ன வார்த்தை: "எத்தனையோ வருஷமா நடிச்ச வகுப்பா பார்த்துச் சலிச்சுப் போச்சு. இன்னைக்குத்தான் நிஜமா ஒரு வகுப்பு பார்த்தேன். பிள்ளைக்குத் தெரியல, ஆசிரியர் கற்றுக்கொடுத்தார். அவ்வளவுதான்."

நான்தானே செய்தேன்? என் கையால் நானே அவனுக்கு மாலை போட்டேனே!

மார்ச் 28, வெள்ளி

வெற்றி விருந்து. வட்ட மேசை, மீன் தலை, மிளகாய். கதவைப் பார்த்த நடு இருக்கையில் முதல்வர், அவருக்கு வலப்பக்கம் டாம். என்னைக் கதவோரம் உட்கார வைத்தார்கள், சமையலறையிலிருந்து தட்டு வரும் வழியில்.

ஃபாங் அக்கா கோப்பையோடு என்னிடம் வந்தாள். இங்கே சின்னவர்கள்தான் கோப்பையைத் தாழ்த்தி இடிக்க வேண்டும். இவள் தன் கோப்பையை என் கோப்பைக்கும் கீழே கொண்டுபோனாள். பார்ப்பவர்களுக்கு அது மரியாதை.

"என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு வலது எது இடது எதுன்னு நல்லாத் தெரியும், லின்" என்று காதோரம் சொன்னாள். "உனக்கு ரொம்ப நன்றி. குடி."

குடித்தேன். இருமல் வந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

முட்டை. இந்த முறை இரண்டு!

மே மாதம் மாகாணப் போட்டி, நடுவர்கள் இங்கேயே வருகிறார்கள். ஃபாங் அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"அந்த அழுகை திரும்ப வேணும். சியாவ்ஹே மாதிரி யாரும் அழகா அழ மாட்டாங்க. அவளை ஒண்ணும் தெரியாமலே வச்சிரு. ஒத்திகைக்குக்கூடக் கூப்பிடாத. டாம் மண்டி போடட்டும், துடைக்கட்டும். மறுபடியும் முதல் பரிசு வந்தா உன் வகுப்பு உனக்கே. டாமை இனிமே திறக்கப்போற புதுக் கிளைக்கு அனுப்பிடறேன். முதல்வர்கிட்ட பேசிட்டேன்."

"வரலேன்னா?"

"வாத்துப் பாட்டு."

"சரி, அக்கா" என்றேன். தந்திரமாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னேன். என் பிள்ளைகள் எனக்குக் கிடைப்பார்கள். ஒருத்தி கொஞ்சம் அழுவாள். எப்படியும் அழுகிறவள்தானே?

ஏப்ரல் 12, சனி

சந்தைத் தெருவில் சியாவ்ஹேயின் அம்மா வைத்திருக்கும் பாக்குக் கடைக்குப் போனேன். பார்த்துவிட்டு வரலாம் என்று போனதுதான். வேறு எண்ணம் இல்லை.

"வாங்க டீச்சர், உட்காருங்க" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டாள். உடனே குரல் இறங்கியது. "அந்த வீடியோவைப் பெத்தவங்க குழுவுல போட்டாங்களே, ஊரே பார்த்திருச்சு. டாம் சாரை ஆகா ஓகோங்கிறாங்க. இவளுக்கு 'குழாய்'னு பேரு வச்சுட்டாங்க. போற இடமெல்லாம் பசங்க, குழாயை மூடு, குழாயை மூடுன்னு. காலையில வயிறு வலிக்குதுன்னு படுத்துக்கிறா. நீங்கதான் டீச்சர் அவகிட்டச் சொல்லணும்."

சியாவ்ஹே உள்ளே பாக்குப் பொட்டலங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

ஃபாங் அக்காவின் மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம் அற்பம். இப்போது வந்ததுதான் கோபம். அவள் மேலும் என் மேலும் சேர்த்து. இந்தப் பிள்ளையைக் காலம் பூராவும் முட்டாளாக வைத்திருந்து நான் என் வகுப்பைத் திரும்ப வாங்க வேண்டுமாம்!

சியாவ்ஹே அம்மாவின் செருப்பு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன்.

"இது ஒரு நாய். தொலைஞ்சு போச்சு. எங்க இருக்கு, சொல்லு."

ஏப்ரல் 26, சனி

செருப்பு நாய்க்கு இப்போது பெயர், வால், கெட்ட குணம் எல்லாம் உண்டு. கட்டிலுக்குக் கீழே, கடைக்குப் பின்னால், பாலத்துக்கு மேலே என்று எல்லா இடத்திலும் தேடிவிட்டோம். சியாவ்ஹே மெதுவானவள், மக்கு இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். இரண்டரை வருடமாக நானே காத்திருக்கவில்லை.

வெளியே யாருக்கும் தெரியாது. பள்ளியில் அவளைக் கூப்பிடுவதே இல்லை. ஃபாங் அக்கா என் தோளைத் தட்டி, "நல்லா வச்சிருக்க" என்றாள்.

இதைப் பிள்ளைக்காகச் செய்கிறேனா, அவளைக் கவிழ்க்கச் செய்கிறேனா? இரண்டுக்கும்தான். அந்தக் கழுத்து இன்னொரு முறை சிவப்பதைப் பார்க்க வேண்டும்.

மே 9, வெள்ளி

வகுப்பு போய்விடும். தெரிந்தேதான் செய்கிறேன். இன்று அவர்களுடைய நோட்டுகளைத் திருத்தும்போது கை ஓடவில்லை.

மே 15, வியாழன்

டாம் துணி நாயைத் தூக்கினான். கைகள் எழுந்தன. நேராக சியாவ்ஹேயைக் கூப்பிட்டான். கேள்வியைக் கேட்டுவிட்டு, அவள் வாய் திறப்பதற்குள் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றிவிட்டான். கையில் இந்த முறை வெள்ளைக் கைக்குட்டை வேறு.

சியாவ்ஹே யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். பின்வரிசையில் ஒரு நடுவர் கனிவாகத் தலை சாய்த்துத் தயாரானார்.

சொன்னாள். நாய் எங்கே, எதற்குக் கீழே, ஏன் அங்கே போனது என்பது வரை முழு வாக்கியமாக.

டாம் பாதி மண்டியில் அப்படியே இருந்தான். எழுவதா, துடைப்பதா? பதற்றத்தில் இன்னும் கஷ்டமான ஒன்றைக் கேட்டான். அதற்கும் சொன்னாள். போதாதென்று, நாய்க்குக் கெட்ட குணம் என்று தானாகச் சேர்த்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கைக்குட்டையை டாம் தன் நெற்றியைத் துடைக்கத்தான் பயன்படுத்தினான்.

அதற்குப் பிறகு கூப்பிட்ட வலது கையெல்லாம் சரியாகச் சொன்னது. எல்லாப் பள்ளியிலும் நடக்கும் அதே வகுப்பு. நடுவர்கள் பேனாவை மூடி வைத்தார்கள்.

ஃபாங் அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கழுத்து மட்டும் இல்லை, காது, நெற்றி, எல்லாம். என்னவென்று புகார் செய்வாள்? பிள்ளை சரியாகப் பதில் சொல்லிவிட்டது என்றா?

மே 16, வெள்ளி

பரிசு இல்லை. 'நன்கு ஒத்திகை பார்க்கப்பட்ட வகுப்பு' என்று எழுதிவிட்டுப் போனார்களாம்.

காலையிலேயே செப்டம்பர் வேலைப் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். நான்காம் வகுப்பு 'ஆ' டாமுக்கு. என் பெயர் கடைசி வரியில், மழலையர் கிளை. வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளிடம் நானே சொன்னேன். ரப்பர் கடிக்கிறவள் ரப்பரைக் கடித்தாள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் கேட்கக்கூடாது பாருங்கள்.

சாயங்காலம் சியாவ்ஹேயின் அம்மா ஒரு பை நிறையப் பாக்கு அனுப்பியிருந்தாள். நான் பாக்கு போடுவதில்லை என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றை மென்று பார்த்தேன். தலை சுற்றியது.

அப்போதுதான் ஃபாங் அக்காவின் செய்தி வந்தது. 'சியாவ்ஹேக்கு எப்படித் தெரிஞ்சது?'

'படிச்சா, அக்கா. அதனால தெரிஞ்சது' என்று எழுதினேன். கூடவே அந்தச் சின்னப் புன்னகைப் பொம்மையையும் அனுப்பினேன். உதடு மட்டும் வளைந்து, கண் சிரிக்காமல் இருக்குமே, அது. இந்த ஊரில் அதை யாரும் அன்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.