வெள்ளிக்கிழமைத் துப்பாக்கி

மார்ச் 3, செவ்வாய்

இவர் மூன்றாம் மாடியை விட்டு இறங்கிப் பதினோரு மாதம் ஆகிறது. இடது கையும் காலும் விழுந்த அன்று நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவமனையிலிருந்து அதே நாற்காலியில் கொண்டுவந்து வைத்தார்கள். அதோடு சரி. ஜன்னலில் தெரிகிற எதிர்வீட்டுத் தகரக் கூரைதான் இவருக்கு உலகம்.

இன்று சாப்பிட்டு முடித்ததும், "துப்பாக்கிய வித்துடலாம். கீழ்த்தளத்துல வீடு பாரு" என்றார்.

விற்கிற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிற மனிதர். மாமனார் கடைசி நாளில் இவர் அண்ணன் பெரியவருக்கு வீடு, இவருக்குத் துப்பாக்கி என்று பிரித்தார். "பெல்ஜியத்துல செஞ்சது, ரெட்டைக் குழல். வீட்டைவிட இதுக்குத்தான்டா மதிப்பு." இவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை அப்போது. நானும் வாயைத் திறக்கவில்லை. இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

மார்ச் 4, புதன்

நூலகத்தில் வேட்டைத் துப்பாக்கிகள் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. ஆங்கிலம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு பக்கம் படித்தேன், தலை வலித்தது. பெல்ஜியத் துப்பாக்கி என்றால் குழலின் அடியில் முட்டை வடிவ முத்திரை இருக்குமாம். அதற்குள் மூன்று எழுத்து, ஒரு நட்சத்திரம். அதிக வெடிமருந்து போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்குத்தான் அந்த முத்திரை. செய்தவர் பெயர் இரண்டு குழலுக்கும் நடுவே ஓடும் பட்டையில் இருக்குமாம். பெயரை வைத்துத்தான் விலை.

வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முட்டை பாதிதான் இருக்கிறது. மூன்று எழுத்தில் நடு எழுத்து மட்டும். நட்சத்திரம் ஒரு புள்ளியாக. பட்டையில் முதல் இரண்டு எழுத்து, அப்புறம் வழவழ.

பழசல்லவா, தேய்ந்திருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

காலைப் பிரார்த்தனை முடிந்து வழக்கம்போல வெள்ளிக்கிழமைத் தேய்ப்பு: விளக்கு, கதவுக் கைப்பிடி, துப்பாக்கி. திங்கட்கிழமை துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் விலை கேட்கக் கொண்டுபோக வேண்டும் என்பதால் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தேன். குழலில் முகம் தெரிகிறது.

"கல்யாணத்துக்கு அனுப்புற மாதிரி சிங்காரிக்கிறியே" என்றார் கட்டிலிலிருந்து. சிரித்தார். சிரித்து எத்தனை நாளாயிற்று.

மார்ச் 7, சனி

தரகர் ஒரு வீடு காட்டினார். வாசலில் இரண்டே படி. பலகை சாய்த்துப் போட்டால் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும். முன்பணம்தான் மலைபோல. பத்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

வந்து சொன்னதும் இவர் கேட்டது ஒன்றே ஒன்று: "வாசல்ல வெயில் விழுமா?"

விழும் என்றேன். பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மார்ச் 9, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

உரிமத்தையும், இவர் வலது கையால் கையெழுத்திட்ட கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தோல் பெட்டியில் வைத்து ஆட்டோவில் போனேன். பழுதுபார்ப்பவரை எல்லோரும் ஒற்றைக்கண்ணர் என்கிறார்கள். இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருக்கிறது. எந்நேரமும் குழலுக்குள் பார்த்துப் பார்த்து ஒரு கண் சுருங்கியே போய்விட்டது.

பெட்டியைத் திறந்தவர் தொடவில்லை. "இதை யாரும்மா இப்படி வெள்ளை அடிச்சது?" என்றார்.

"வாரா வாரம் நான்தான் தொடைப்பேன்" என்றேன். பெருமையாகவே சொன்னேன், பாவி.

குழலைக் கட்டையிலிருந்து பிரித்து, நூலில் தொங்கவிட்டு விரலால் சுண்டினார். பாத்திரக் கடையில் நானும் அப்படித்தான் சுண்டிப் பார்ப்பேன். கணீரென்று கேட்க வேண்டும். 'தட்' என்றது. நடுப்பட்டை விட்டுப்போயிருக்கிறதாம். மறுபடி பூட்டி வெளிச்சத்தில் பிடித்தார். குழலும் கட்டையும் சேரும் இடத்தில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. கைப்பிடிக் கழுத்தில் விரிசல். குழலுக்குள் பார்க்கச் சொன்னார். அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக. தோல் பெட்டி ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளேயே அரித்துவிட்டதாம்.

"இதெல்லாம்கூடப் பழசுக்குள்ள சகஜம். முதல்ல குழல் என்ன நிறத்துல இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. பழுப்பு. மேலெல்லாம் அலை அலையாக, புழு ஊர்ந்த மாதிரி கோடுகள். துருவும் கறையும் என்று நினைத்தேன். உப்புத்தாள் வாங்கி மூன்று மாதம் தேய்த்துத்தான் போக்கினேன். அதற்கப்புறமும் எங்கே லேசாகப் பழுத்தாலும் உப்புத்தாள்தான்.

"அது கறை இல்லம்மா. அதுதான் துப்பாக்கி" என்றார்.

இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் முறுக்கி, சுற்றி, காய்ச்சி அடித்துச் செய்த குழலாம். அந்த அலைதான் அதன் அழகாம். திராவகத்தில் போட்டு அலையைத் திரும்ப வரவழைக்கலாம். ஆனால் உள்ளே துருவும் வெளியே நானும் தின்று, ஓரிடத்தில் குழல் தகடாகிவிட்டது. அளந்து காட்டினார். இனி வெடித்தால் கையோடு போகும். பெயரும் போய்விட்டது. அந்த இரண்டு எழுத்தில் தொடங்குகிற பட்டறை எத்தனையோ இருந்ததாம்.

"பெரிய பட்டறையா இருந்திருக்குமா?"

"இருந்திருக்கலாம். சந்தையில குவிச்சு வித்த சரக்காவும் இருந்திருக்கலாம். இனிமே அந்த ஆண்டவன்தான் சொல்லணும்."

விலை கேட்டேன். பழைய சைக்கிள் விலை, அதுவும் சுவரில் மாட்டுகிறவர் கிடைத்தால். இனித் தேய்க்கலாமா என்றும் கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"தேய்ங்க. குறையறதுக்கு இனி ஒண்ணும் இல்ல."

மார்ச் 10, செவ்வாய்

பார்க்கிறவர் ஊரில் இல்லை, பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன் என்று இவரிடம் சொன்னேன். பொய். காலையில் ஜெபத்தில் உட்கார முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

பரணிலிருந்து பழைய கணக்கு நோட்டுகளை இறக்கினேன். முதல் வருஷத்தில்: உப்புத்தாள் 6. உப்புத்தாள் 4. பாலிஷ் டப்பா 1. ஓரத்தில் என் கையெழுத்து: 'கறை முழுக்கப் போயிற்று. மாமா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.'

எத்தனை அழகாக எழுதியிருக்கிறேன்.

மார்ச் 13, வெள்ளி

விளக்கு. கதவுக் கைப்பிடி.

மார்ச் 15, ஞாயிறு

பெரியவர் போன் செய்தார். இவருக்குக் காதில் பிடித்துக்கொள்ளச் சிரமம் என்று சத்தமாக வைத்தேன்.

"என்னடா, உன் அரண்மனை என்ன விலை போச்சு?"

"பொறுமைண்ணே. நல்ல சரக்குக்கு ஆள் அமைய நாளாகும்."

"அப்பா அடிச்சுவிட்டதை இன்னும் நம்பிட்டிருக்க பாரு. அந்தாளு உன்னை ஏமாத்திட்டுப் போயிட்டாருடா."

இவர் போனை வைக்கச் சொன்னார். வெகுநேரம் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நின்று — எதற்கு அழுகை, இப்போது அழுது என்ன?

மார்ச் 17, செவ்வாய்

"வெள்ளிக்கிழமை ஏன் துப்பாக்கிய தேய்க்கல? சத்தமே கேக்கலியே" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சத்தத்தை இவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்றே எனக்குத் தெரியாது.

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அலை அலையாக இருந்த கோடு, உப்புத்தாள், போன பெயர், சைக்கிள் விலை. ஊரில் இல்லை என்ற பொய்யையும். "நான்தாங்க அழிச்சிட்டேன். வேற யாரும் இல்ல" என்றேன்.

சுவர் பக்கம் திரும்ப முயன்றார். இவரால் தனியாகத் திரும்ப முடியாது. நான்தான் பிடித்துத் திருப்பிவிட்டேன்.

மார்ச் 18, புதன்

மாத்திரைக்கு மட்டும் வாயைத் திறந்தார்.

மார்ச் 19, வியாழன்

மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "இந்தா" என்று கூப்பிட்டார்.

"அந்த ஆளு என்ன சொன்னான்? பெரிய பட்டறையா இருந்திருக்கலாம்னானா?"

"ஆமாங்க. சாதாரணமாவும் இருந்திருக்கலாம்னார்."

"யாராலயும் கண்டுபிடிக்க முடியாது?"

"முடியாதாம்."

"அப்ப அப்பா சொன்னது பொய்னும் எவனாலயும் சொல்ல முடியாதுல்ல" என்றார்.

தலையை ஆட்டினேன். அதுவே போதும் போல, கண்ணை மூடிக்கொண்டார்.

மார்ச் 20, வெள்ளி

தரகரிடம் அந்த வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். நல்லதாயிற்று என்றார் தரகர்.

விளக்கு. கதவுக் கைப்பிடி. அதோடு நிறுத்தப் பார்த்தேன். "எடுத்துட்டு வா" என்றார் இவர். கட்டில்மேல் பழைய துணி விரித்து வைத்தேன். அடிக்கட்டையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், நான் குழலைத் தேய்த்தேன். கை ஓய்ந்துபோகும்வரை இவர் பிடியை விடவில்லை.

பாலிஷ் டப்பாவில் அடி தெரிகிறது. வாங்க வேண்டும்.