கயிறு கட்டாத ரிமோட்

மாமா,

டார்ச் லைட்டுக்குப் பேட்டரி தேடித்தான் டிவி மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். கையில் பட்டது நம் வீடியோ கேம் வெள்ளைப் பெட்டியின் ரிமோட். அதன் ரப்பர் உறையைக் கழற்றியதும் முறுக்கு வாசனை வந்தது. நாலு வருடத்துக்கு முந்தைய தீபாவளி முறுக்கு. நீங்களும் நானும் எத்தனை முறை துடைத்தோம். போகவே இல்லை.

ரிமோட்டில் இருந்த இரண்டு பேட்டரியையும் உருவி டார்ச்சில் போட்டுக்கொண்டு, போர்வைக்குள் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தூங்குகிறார். அவர் குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடும். அதனால் இந்தக் கடிதம் அங்கங்கே திக்கித் திக்கி இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நாளைக்கு உங்களுக்குப் பதினாறாம் நாள். படத்துக்கு முன்னால் உங்களுக்குப் பிடித்தது என்னென்ன வைப்பது என்று சாயங்காலம் அத்தை வீட்டில் பேசினார்கள். மீ கோரெங் நூடுல்ஸ், கோழி வறுவல், கோப்பி, லோரி ஓட்டும்போது போடுகிற அந்த அழுக்குத் தொப்பி. அதுவரைக்கும் சரி. அப்புறம் அக்கா, உங்கள் மகள், உள்ளே போய் உங்கள் இன்னொரு வீடியோ கேமான கறுப்புப் பெட்டியின் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பாவுக்கு இதான் உசிரு" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அப்பா சொன்னார்: "அந்த வெள்ள ரிமோட்ட மட்டும் கொண்டாந்துடாதீங்க. அங்கயும் போயி எதையாச்சும் உடைப்பான்."

பதினைந்து நாளாக அழுதுகொண்டிருந்த அத்தைகூடச் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எங்கள் டிவியை உடைத்தது நீங்கள் இல்லை என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் படத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வெள்ளைப் பெட்டியை நீங்கள்தான் வாங்கி வந்தீர்கள். கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருப்பவர் வீட்டில் சும்மா கிடந்தது என்று கொழுந்து லோரியில், தேயிலை மூட்டைகளுக்கு நடுவில் வைத்து ஏற்றி வந்தீர்கள். எங்கள் வீட்டு டிவிதான் பெரியது என்பதால் இங்கேயே மாட்டினீர்கள். முதல் வாரம் முழுக்க வீட்டில் தேயிலை வாசனை. பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்தான் நமக்குப் பிடித்தது. நான் டிவியில் பார்த்த ஆட்டக்காரர்களைப் போல வாசலிலிருந்து ஓடிவந்து, குனிந்து, கையை வீசுவேன். பந்து ஓரத்துக் கால்வாயில் விழும். நீங்கள் பெஞ்சில் படுத்து, கழுத்துவரை போர்வை போர்த்தி, கையை மட்டும் வெளியே நீட்டி ஒரு சுண்டு சுண்டுவீர்கள். பத்துக் கட்டையும் சாயும்.

"ஓடாத பாப்பா. உனக்குக் காலு இருக்கிறதே அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது மணிக்கட்டு ஒண்ணுதான்" என்பீர்கள்.

டிவிக்கு மேலே வைக்கும் பட்டையின் வயரை எலி கடித்துவிட்டதே, நினைவிருக்கிறதா? அந்தப் பட்டை இல்லாமல் திரையில் கை வராது. ஆட்டம் முடிந்தது என்று நான் அழுதேன். நீங்கள் போனில் என்னத்தையோ பார்த்துவிட்டு, சாமி மாடத்திலிருந்த இரண்டு விளக்குகளை எடுத்து டிவிக்கு இரு பக்கமும் ஏற்றி வைத்தீர்கள். ரிமோட்டை நீட்டினால் திரையில் அந்தச் சின்னக் கை வந்து நின்றது. பட்டையில் இருப்பதும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு வெளிச்சம்தானாம், விளக்குச் சுடரே போதுமாம். அம்மா கரண்டியோடு வந்தார். சாமி விளக்கை எடுத்து விளையாடுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டார். "விளக்கு விளக்குதானேக்கா. சாமி என்ன, ஸ்கோரா கேக்கப் போவுது" என்றீர்கள். அம்மா புதுத் திரி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

(குறட்டை நின்றது. அப்பா தண்ணீர் குடித்தார். இப்போது பரவாயில்லை.)

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். அன்று காலை என் ரிப்பன் காணவில்லை. ரிமோட்டை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள ஒரு கயிறு இருக்குமே, அதைக் கழற்றி முடியைக் கட்டிக்கொண்டேன். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. அம்மா பின்னால் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார். நான் ஒன்றைத் தின்றுகொண்டே டென்னிஸ் ஆட்டத்தில் பந்தை ஓங்கி அடித்தேன். எண்ணெய்க் கை. கயிறு என் தலையில். ரிமோட் நேராகப் போய் அப்பாவின் புது டிவிக்கு நடுவில் இறங்கியது. திரையில் சிலந்தி வலை மாதிரி ஒன்று விரிந்தது. அதற்குப் பின்னாலும் அந்த டென்னிஸ்காரன் குதித்துக்கொண்டே இருந்தான்.

அம்மா ஓடிவருவதற்குள் நீங்கள் பெஞ்சிலிருந்து எழுந்து ரிமோட்டைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டீர்கள். அவ்வளவு வேகமாக நீங்கள் எழுந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"நான்தாங்க்கா. வழுக்கிடுச்சி."

அப்பா அடிக்கிறவர் இல்லை. தொழிற்சாலையில் தராசுக்குப் பக்கத்தில் நின்று மூட்டையைப் பார்ப்பதுபோல மனிதர்களையும் பார்ப்பார். அதற்குத்தான் எனக்குப் பயம். அன்றைக்கு அந்தப் பார்வை முழுவதும் உங்களுக்குக் கிடைத்தது. "நாப்பது வயசாவுது. சின்னப் புள்ளயாடா நீ" என்று மட்டும் கேட்டார். அன்றிரவே உங்கள் வீட்டு டிவியைப் போர்வையில் சுற்றி, பனியில் நாலு வாசல் தாண்டித் தூக்கி வந்து எங்கள் வீட்டில் வைத்தீர்கள். அத்தையும் அக்காவும் வாசலில் நின்று டிவி போவதைப் பார்த்தார்கள்.

மறுநாள் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றபோது நீங்கள் சொன்னது: "உன்னத் திட்டினா நீ அழுவ. என்னத் திட்டினா எனக்குப் பசிக்கும். அவ்ளோதான் வித்தியாசம். போயி முறுக்கு எடுத்துட்டு வா."

அதற்குப் பிறகு இந்த வீட்டில் உங்கள் கைக்கு ரிமோட் போகக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். கதையும் பரவியது. லயத்தில், இந்த வரிசை வீடுகளில், யார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் அப்பா எழுந்து நின்று நீங்கள் ரிமோட்டை வீசியதை நடித்துக் காட்டுவார். பார்க்காததை எப்படி அவ்வளவு அழகாக நடித்தாரோ. நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். உங்களுக்கு யாராவது கோப்பிக் குவளை நீட்டினால்கூட, "கயிறு கட்டிக் குடு லா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். எனக்குச் சோறு இறங்காது.

ஒரு வருடம் கழித்து நீங்கள் டிவி வாங்கினீர்கள். கூடவே ரிங்லெட்டில் பழைய சாமான் கடையிலிருந்து அந்தக் கறுப்புப் பெட்டி. அதற்கு ரிமோட் கிடையாது. மேலே உட்கார்ந்திருக்கும் கேமரா நம் உடம்பைப் பார்க்கும். நாம் குதித்தால் உள்ளே இருப்பவனும் குதிப்பான். "கையில பிடிச்சாத்தானே பறக்கும்? இதுல பிடிக்கவே வேணாம். இதான் லா விளையாட்டு" என்று லயம் முழுக்கச் சொன்னீர்கள். டிவியை உடைத்த மனிதன் வேறென்ன வாங்குவான் என்று எல்லாரும் நம்பினார்கள். அப்படி நம்பவைக்கத்தான் வாங்கினீர்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

ஆறு அடி தள்ளி நிற்கச் சொன்னது கேமரா. நம் லயத்து வீட்டின் முன்னறையில் ஆறு அடிக்கு எங்கே போவது? கதவைத் திறந்து வாசலுக்கு வெளியே நின்று குதித்தீர்கள். சாயங்காலப் பனி இறங்கியதும் திரையில் உங்கள் கால் முதலில் மறைந்தது, பிறகு இடுப்பு. சந்தையிலிருந்து கீரைப் பையோடு போன பக்கத்து வீட்டு ஆயம்மாவை அது இரண்டாவது ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது. அவர் நாலு எட்டு நடந்து போனதற்கு உங்களைவிட அதிக புள்ளி. தடிச் சட்டையும் தொந்தியுமாக நீங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே, தயவுசெய்து எழுந்து நில்லுங்கள் என்று திரையில் எழுத்து வந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லோரி ஓட்டினீர்கள். கேட்டவர்களிடம், உடம்பு இறங்குகிறது என்று சொன்னீர்கள்.

ஆனால் சனிக்கிழமை அப்பா வேலைக்கும் அம்மா சந்தைக்கும் போனதும் எங்கள் வீட்டுக்கு வருவீர்கள். கதவைச் சாத்தி, இரண்டு விளக்கையும் ஏற்றி, என் மணிக்கட்டில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டு, பிறகு பெஞ்சில் சாய்ந்து போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவீர்கள்.

"அங்க நான் கொரங்கு, பாப்பா. இங்கதான் நான் துரை."

கடைசிச் சனிக்கிழமை ஆட்டம் பாதியில் நின்றது. அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு விளக்கை ஊதி அணைத்தீர்கள். நான் மூன்று புள்ளி முன்னால் இருந்தேன். புதன்கிழமை காலை லோரி டயரைப் பார்க்கக் குனிந்தவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்கள், பிறகு எழவே இல்லை என்று பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னார்கள்.

நாளைக்கு எல்லாரும் கும்பிடும்போது உங்கள் முன்னால் இருக்கப்போவது உங்களைக் குரங்காக்கிய கேமரா. எது உங்களுக்குப் பிடித்தது என்று சொல்ல வேண்டுமானால், அது எப்படி எனக்குத் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் டிவியையும் சொல்ல வேண்டும். ஊரே கூடியிருக்கும். அப்பா பார்ப்பார். டார்ச் மங்குவதற்குள் பேட்டரியைத் திரும்ப ரிமோட்டில் போட்டுவிடுகிறேன். அதை மட்டும்தான் இப்போதைக்கு முடிவு செய்திருக்கிறேன்.

மறுநாள் இரவு.

காலையில் ரிமோட்டைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அத்தை இலையில் மீ கோரெங் வைத்துக்கொண்டிருந்தார். உங்கள் படத்துக்கு இரண்டு பக்கமும் விளக்கு ஏற்றியிருந்தார்கள். சரியாக டிவியின் அகலம். அதைப் பார்த்ததும் என் கை தானாகவே நீண்டு, ரிமோட்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டது. வைக்கும்போது பொத்தானில் விரல் பட்டது போலிருக்கிறது. அடியில் இருக்கும் நாலு நீல வெளிச்சமும் பெட்டியைத் தேடிக் கண் சிமிட்ட ஆரம்பித்தன.

"யாரு வச்சது இத?" என்றார் அப்பா.

"நான்தாம்ப்பா."

"எடு."

"மாமாவுக்கு இதுதான் பிடிக்கும். அவரு டிவிய உடைக்கல. நான்தான் உடைச்சேன்."

அத்தையின் கரண்டி அந்தரத்தில் நின்றது. முதலில் பேசியது அக்கா. "அப்போ எங்க டிவிய ஏன் குடுத்தாங்க? ஒரு வருஷம் நான் டிவி இல்லாம இருந்தேன்" என்றாள். பதினேழு வயதுப் பெண் அப்படிக் கேட்டதும் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு உங்கள் படத்தைப் பார்த்தார். அந்தத் தராசுப் பார்வைதான், ஆனால் இந்த முறை முள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"கயிறு கட்டியிருந்தியா?"

"தலையில கட்டியிருந்தேன்."

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்தேன். அழுகை இல்லை. அப்பா சிரிக்கவில்லை. குனிந்து, கேமராவைக் கோழி வறுவலுக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, ரிமோட்டை நடுவில், உங்கள் படத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தார். நீல வெளிச்சம் கொஞ்ச நேரம் தேடிவிட்டுத் தானாக நின்றது.

"பேட்டரிய எடுத்துட்டு வை. உள்ளயே இருந்தா கசிஞ்சிடும்" என்றார்.

எடுத்தேன். இரண்டும் இப்போது மறுபடியும் டார்ச்சில் இருக்கின்றன. காலையில் உங்கள் நினைவாக என் பென்சில் பெட்டிக்குப் போகும். அத்தை ரிமோட்டை அங்கேயே, படத்தின் கீழேயே வைத்துக்கொண்டார். கயிற்றை மட்டும் என்னிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் திட்டு தொடங்கியது. டிவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "நாலு வருஷம் அவன் மூஞ்சிக்கு நேரா நடிச்சுக் காட்டினேன். ஊரச் சிரிக்க வச்சேன். நீ பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பார்த்தியா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். பாதியில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் கேட்டார். நான் கையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். அவர் திட்டி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

பசித்தது, மாமா. அடுப்படிக்குப் போய், உங்கள் இலையிலிருந்து அத்தை கட்டிக் கொடுத்த மீ கோரெங்கைப் பிரித்தேன். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.